அப்பாவிடம் முதலில் உதவித்தொகையைப் பற்றிப் பேசுங்கள்

எம்.எஸ்சி. தாவரவியல் முடிக்கப் போகிறீர்கள், ஆராய்ச்சிக்குப் போக ஆசை, அப்பாவோ வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அப்பாவின் பயம் நியாயமானதுதான். இன்னும் ஐந்து வருடம் மகள் சம்பாதிக்காமல் இருப்பாளோ என்று நினைக்கிறார். அதனால் காசுக் கணக்கை முதலில் சொல்லுங்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வில் உயிர் அறிவியலில் ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து பி.எச்டி. சேர்ந்தால், 2023 முதல் உள்ள விகிதப்படி மாதம் 37,000 ரூபாய். இரண்டு வருடம் கழித்து 42,000. பணம் சில சமயம் தாமதமாக வரும், கையில் கொஞ்சம் இருப்பு வேண்டும்.

தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளைப் பற்றியும் வீட்டில் பேசுங்கள். கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டு அமெரிக்காவின் மிச்சிகன் போய் 1931இல் டாக்டர் பட்டம் வாங்கியவர், கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சி செய்தவர்.

அப்புறம், சேருவதற்கு முன் இரண்டு மாதமாவது ஓர் ஆய்வகத்தில் இருந்து பாருங்கள். செடியின் சிறு துண்டுகளைக் குடுவையில் வளர்க்கும் திசு வளர்ப்பில், வாரக்கணக்கில் காத்த குடுவைகளில் ஒரே இரவில் பூஞ்சை படர்ந்திருக்கும். எல்லாவற்றையும் கொட்டிக் கழுவி, செடி வளர்வதற்கான சத்துக் கலவையை மறுபடி தயாரித்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைக்கும் அந்த வேலை பிடித்திருந்தால் தயங்காதீர்கள். எந்த ஊர் என்று சொன்னால் பக்கத்தில் உள்ள ஆய்வகங்களைச் சொல்கிறேன்.