'நாட்டின் பாதுகாப்பு' என்று ஒரே வரியில் தகவல் மறுக்கப்பட்டால் என்ன செய்யலாம்?

கேள்வி: 1962 இந்திய-சீனப் போரில் ஏற்பட்ட தோல்வியை ஆராய்ந்த ஹென்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் நகலைக் கேட்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு மனு அனுப்பினேன். நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எதிர்க்கட்சியாக இருந்தபோது வெளிப்படைத்தன்மை பற்றிப் பேசியவர்களே ஆட்சிக்கு வந்தபின் அதை மூடி வைத்திருக்கிறார்கள். மேற்கொண்டு வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் அறிக்கையை மட்டும் கேட்டுப் போராடினால் பலன் கிடைப்பது கடினம் என்பதே என் கருத்து.

லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பி.எஸ். பகத்தும் 1963-இல் அளித்த அந்த அறிக்கை, எந்தக் கட்சி ஆண்டாலும் பூட்டியே கிடக்கிறது. பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் கேட்டபோது, மத்திய தகவல் ஆணையம் அறிக்கையை ஆராய்ந்துவிட்டு, அதன் எந்தப் பகுதியையும் தற்போதைக்கு வெளியிட இயலாது என்று 2009 மார்ச்சில் முடிவு கூறியது. 2014 மார்ச்சில் பத்திரிகையாளர் நெவில் மேக்ஸ்வெல் அதன் ஒரு பகுதியை இணையத்தில் வெளியிட்டார். அப்போது மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லி, இத்தகைய ஆவணங்களைக் காலவரையின்றி ரகசியமாக வைத்திருப்பது பொதுநலனுக்கு உகந்ததாகாது என எழுதினார். அதே ஆண்டு ஜூலையில், பாதுகாப்பு அமைச்சராகிவிட்ட அவரே, அறிக்கையை வெளியிடுவது தேச நலனுக்கு ஏற்றதல்ல என்று அதே அவையில் எழுத்துமூலம் பதிலளித்தார். பலரும் ஏற்கெனவே தரவிறக்கிப் படித்துவிட்ட ஓர் ஆவணத்தைப் பற்றி நான்கே மாதங்களில் நிலைப்பாடு இப்படித் தலைகீழானது குடிமக்களின் நம்பிக்கையைக் குலைக்கும் செயல் என்றே நான் கருதுகிறேன்.

ஆயினும், அரசியல்வாதியின் பேச்சை நிறைவேற்றும்படி எந்த ஆணையமும் உத்தரவிட முடியாது. 'ஏன் வெளியிடவில்லை?' என்று கேட்டாலும் பயனில்லை. பதிவேட்டில் இருப்பதைத் தருவது மட்டுமே பொதுத் தகவல் அலுவலரின் கடமை.

எனவே, முதலில் 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. மறுப்புக்குக் காரணம் கூற வேண்டும் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 7(8)-உம், மறுப்பு நியாயமானது என நிரூபிக்கும் பொறுப்பு அலுவலரையே சாரும் என்று பிரிவு 19(5)-உம் கூறுகின்றன. பாதிப்பில்லாத பகுதிகளையாவது பிரித்துத் தரும்படி பிரிவு 10-இன்கீழும், பொதுநலன் மேலோங்குவதால் வெளியிடும்படி பிரிவு 8(2)-இன்கீழும் கோருங்கள். அலுவல் ரகசியச் சட்டம் இருந்தாலும் 8(2) செல்லும் என்பதை ரஃபேல் போர் விமானக் கொள்முதல் குறித்த மறுஆய்வு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஏப்ரலில் எடுத்துக்காட்டியிருக்கிறது. 2009-இல் ஆணையம் முடிவு கூறியபோது அறிக்கையின் எந்தப் பகுதியும் இணையத்தில் இல்லை என்பதையும் எழுதுங்கள். முடிவு திருப்தி அளிக்காவிட்டால் 90 நாள்களுக்குள் இரண்டாம் மேல்முறையீடாக மத்திய தகவல் ஆணையத்துக்குச் செல்லலாம்.

பலர் தவறும் இடம் ஒன்று உண்டு. 20 ஆண்டுகள் கடந்த நிகழ்வுகளைப் பற்றிய தகவலை வழங்க வேண்டும் என்னும் பிரிவு 8(3)-ஐ மட்டும் நம்பி வாதிடுகிறார்கள். நாட்டின் இறையாண்மை மற்றும் பாதுகாப்பு, நாடாளுமன்ற உரிமை, அமைச்சரவை ஆவணங்கள் ஆகிய விலக்குகள் 20 ஆண்டுகளுக்குப் பின்னும் நீடிக்கும் என்று அதே பிரிவு சொல்வதால், அறிக்கையின் வயது மட்டும் உங்களுக்குக் கைகொடுக்காது.

மேல்முறையீட்டோடு, பத்து ரூபாய் கட்டணத்தில் புதிய மனு ஒன்றையும் அனுப்புங்கள். என் பார்வையில் இதுவே முக்கியமானது. பொதுப் பதிவேடுகள் விதிகள், 1997-இன்படி ரகசிய ஆவணங்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும். போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும் என்றும், 1962 போன்ற பழைய போர்களைத் தனித்தனியே பரிசீலிக்கலாம் என்றும் பாதுகாப்பு அமைச்சகம் 2021 ஜூனில் கொள்கை வகுத்தது. ஆகவே மனுவில் இப்படிக் கேளுங்கள்: 'மேற்படி அறிக்கை கடைசியாக மறுமதிப்பீடு செய்யப்பட்ட தேதி, மதிப்பிட்ட அலுவலரின் பதவி, 2021 கொள்கையின்கீழ் எடுக்கப்பட்ட முடிவு, அது தொடர்பான கோப்புக் குறிப்புகளின் நகல்.' தேதியையும் பதவியையும் வெளியிடுவதால் எல்லைக்கு ஆபத்து வரும் என்று வாதிடுவது எளிதன்று.

அப்படி எந்தப் பதிவும் இல்லை என்று பதில் வந்தால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுமதிப்பீடு நடந்ததற்கான பதிவே இல்லை என்று அமைச்சகம் எழுதித் தந்த அந்தத் தாளை இணைத்து, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் அவையில் கேள்வி எழுப்பும்படி கோரலாம். இரண்டாம் மேல்முறையீட்டிலும் ஆவணமாகச் சேர்க்கலாம்.