கூட்டமில்லாத அலை எங்கே?

கேள்வி: சர்ஃபிங் கற்று இரண்டு வருடம் ஆகிறது. வெளிநாட்டில் கூட்டமில்லாத கடற்கரையாகச் சொல்லுங்கள், எப்போது போகலாம்?

பதில்: மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் பசிபிக் கரைக்குப் போங்கள். அங்கே ஒரு விசேஷம், உள்ளே கடல் மாதிரி கிடக்கிற நிகரகுவா ஏரியைத் தாண்டி வருகிற காற்று, வருடத்தின் பெரும்பகுதி கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், அலை உடையாமல் கொஞ்சம் கூடுதலாக நிமிர்ந்து நிற்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை தெற்கிலிருந்து பெரிய அலைகள் வரும், கூடவே மழையும் சேறான பாதைகளும். இரண்டு வருட அனுபவத்துக்கு நவம்பர் முதல் மார்ச்தான் சரி. ஆனால் வெப்பமண்டலம்தானே என்று வெறும் டிரவுசரோடு இறங்காதீர்கள். அந்த மாதங்களில் காற்று மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வரும், நடுங்கிவிடுவீர்கள். மெல்லிய வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) மேல்சட்டை ஒன்று போதும்.

அந்தக் கரையில் உள்ள போபோயோவில், கரையை விட்டுத் தள்ளி கடலடிப் பாறைமேல் உடைகிற வெளிப்பாறை அலை பக்கம் போகாதீர்கள், அது கைதேர்ந்தவர்களுக்கு. அப்புறம், முன்னறிவிப்பில் அலையின் உயரத்தை மட்டும் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். அலைகளுக்கு இடையே 7 நொடி என்றால் சொதப்பல், 14 நொடி என்றால் அதே உயரத்துக்கு இரட்டிப்பு முரட்டுத்தனம். உதிரி ஃபின் (பலகையின் அடியில் உள்ள துடுப்பு), லீஷ் (பலகையைக் காலோடு கட்டும் கயிறு) இரண்டையும் கையோடு கொண்டு போங்கள், ஆளில்லாத கரையில் கடையும் இருக்காது.