ஒரே மூன்று கேள்விதான், கிராமத்தில் மட்டும் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

மலேசியாவின் பினாங்குத் தீவிலும், பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கத் தோட்டங்களிலும் இருக்கும் முன்னாள் ராணுவத்தினரிடம் குடிப்பழக்கத்தை ஒரே மாதிரி சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விகள் ஒன்றேதான். கேட்கிற முறையில்தான் கோளாறு வரும்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை ஆண்டுதோறும் கேட்பது ஆடிட்-சி (AUDIT-C) என்ற மூன்று கேள்விச் சோதனை: எவ்வளவு அடிக்கடி, குடிக்கிற நாளில் எத்தனை அளவு, ஒரே தடவையில் ஆறு அளவோ அதற்கு மேலோ போவது எவ்வளவு அடிக்கடி. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 புள்ளி. மொத்தம் ஆண்களுக்கு 4, பெண்களுக்கு 3 வந்தாலே அடுத்துப் பேச வேண்டும்.

சறுக்குவது இரண்டாவது கேள்வியில். ஓர் அளவு என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 10 கிராம் தூய ஆல்கஹால். 320 மி.லி. பீர் டின், 5 சதவீதம் என்றால், ஏறக்குறைய 12.6 கிராம். சம்சு என்ற மலிவு மது 40 சதவீதம், போத்தல் 150 மி.லி. என்றால், 47 கிராம்! “ஒரு போத்தல்தான்” என்பவர் கிட்டத்தட்ட ஐந்து அளவு குடித்திருக்கிறார். அதனால் போத்தலின் மி.லி., சதவீதம் இரண்டையும் கேளுங்கள்.

தோட்டப்புறத்தில் கேள்வி கேட்கும் மிஸ்ஸி (தாதி) பக்கத்து வீட்டுக்காரராகவே இருக்கலாம். மனைவியும் கூடவே உட்கார்ந்திருப்பார். உண்மை வராது. தாளைக் கொடுத்துத் தனியே நிரப்பச் சொல்லுங்கள். படிக்கச் சிரமப்பட்டால் தனியறையில் வாசித்துக் காட்டுங்கள். “ரொம்பக் குடிக்கிறதில்லைதானே அண்ணே?” என்று மாற்றிக் கேட்டால் பதிலை நீங்களே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

தினமும் அதிகம் குடிப்பவரை உடனே நிறுத்தச் சொல்லாதீர்கள். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மருத்துவமனை தொலைவு என்றால் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.