ஏற்றத்தில் இழுவை வேண்டும், மைலேஜும் குறையக் கூடாது

பழைய டர்போ டீசல் லாரி எஞ்சினைப் பிரித்துப் போட்டிருக்கிறீர்கள். இழுவையைக் கூட்டப் பெரிய நாசில் (டீசலைப் பீய்ச்சும் முனை) போடலாமா, மைலேஜ் இறங்குமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம். டீசலை மட்டும் கூட்டினால் எரியக் காற்று போதாது. கறுப்புப் புகையாகப் போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டீசல்தான்.

இழுவையும் சிக்கனமும் சேர்ந்து கிடைப்பது கம்ப்ரஷனில், அதாவது சிலிண்டருக்குள் காற்று நன்றாக அழுத்தப்படுவதில். லைனரை (பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை) மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்கச் சொல்லுங்கள். முட்டை வடிவமாகியிருந்தால் பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டும் பயனில்லை. பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எட்டிப் பார்க்கிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனில் ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே வரும் அடைப்புத் தகடு) போட வேண்டும். அவசரத்தில் பலர் விட்டுவிடுவது இதைத்தான். நாசிலைச் சோதித்து, பம்ப் டைமிங்கை (டீசல் பீய்ச்சத் தொடங்கும் நேரம்) கம்பெனி அளவில் வையுங்கள்.

அப்புறம் இன்டர்கூலர், டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது. இல்லையென்றால் பொருத்துங்கள், காற்று குளிர்ந்தால் அடர்த்தி கூடும், டீசல் முழுசாக எரியும், எக்ஸாஸ்ட் சூடும் தணியும்.

இவ்வளவும் செய்து போதாவிட்டால் பம்பில் டீசலைக் கொஞ்சம் கூட்டலாம். ஆனால் டர்போவுக்கு முன்னால் எக்ஸாஸ்டில் வெப்பமானி மாட்டாமல் கை வைக்காதீர்கள். 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் நெடுநேரம் ஓடினால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் ஆபத்து.

சரி, டயர் அளவை இடையில் மாற்றினீர்களா? பெரிய டயரே இழுவையைத் தின்றிருக்கலாம்.