களியாட்டத்தில் கள் வாசனை

கேள்வி: ‘பண்ணை வீட்டில் மதுக் களியாட்டம்’ என்று தினசரிகளில் போடுகிறார்களே, களி என்றால் மகிழ்ச்சிதானே ஐயா?
– கும்பகோணம் வாசகர்

பதில்: மகிழ்ச்சிதான், ஆனால் கள் வாசனையோடு பிறந்த மகிழ்ச்சி. களித்தல் என்ற வினைக்குக் கள்ளோடு உறவு உண்டு. பெற்றவள் முன்னாலேயே சகிக்காத ‘களி’, சான்றோர் முன் என்னாவது என்கிறது குறள் 923. அங்கே களி என்றால் போதையேதான். 929-இல் வரும் ‘களித்தான்’ குடிகாரன். அவனுக்குப் புத்தி சொல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போலாம். இதை நான் வகுப்பில் நடத்தியபோது கடைசி பெஞ்சுப் பையன், “டார்ச் அடிச்சா தெரியாதா ஐயா?” என்றான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று.

பின்னாளில் போதை தெளிந்து, ‘கண்டு களித்தோம்’ என்று குழந்தைகளும் எழுதும் சொல்லாகிவிட்டது. மலையாளத்தில் களி என்றால் ஆட்டம், விளையாட்டு. கதகளியில் இருப்பது அதுதான். திருவாதிரைக் களி வேறு, குழைந்த பண்டம். அதைத் தின்று யாரும் ஆடுவதில்லை.

கறாராகப் பார்த்தால் ‘மதுக் களியாட்டம்’ என்பது ‘நடு சென்டர்’ மாதிரி!