ஃபாயில் டேப்பும் ஆல்கஹால் இங்க்கும்: கண்ணாடிச் சட்டம் பற்றிய கேள்வி பதில்

மரச்சட்டம் போட்ட சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியை ஃபாயில் டேப் ஒட்டி, ஆல்கஹால் இங்க் (ஆல்கஹாலில் கரைத்த சாயம்) பூசி அலங்கரிப்பது பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: எந்த டேப் வாங்க வேண்டும்?

காற்றுக்குழாய் இணைப்புகளில் ஒட்டும் அலுமினிய ஃபாயில் டேப். ஒரு சிறு துண்டை மடித்துப் பாருங்கள். மடிப்பு அப்படியே நின்றால் உலோகம். மெல்ல நிமிர்ந்தால் வெள்ளிப் பூச்சு கொடுத்த பிளாஸ்டிக், அது வேண்டாம். கோடு போட்டால் அதில் நிற்காது.

கேள்வி: ஆரம்பத்திலிருந்து முறையைச் சொல்ல முடியுமா?

முதலில் கண்ணாடியின் ஓரத்தை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். ஸ்பிரிட்டோ (அதாவது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) வார்னிஷோ சட்டத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கினால் பின்பக்க ரசம் ஓரத்திலிருந்து கறுக்கத் தொடங்கும். அதைத் திருப்ப வழியில்லை. கண்ணாடியைக் கழற்ற முடிந்தால் கழற்றி வைப்பது இன்னும் நல்லது.

சட்டத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசி போகத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டேப்பின் பின்தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து ஒட்டுங்கள். மொத்தமாக உரித்தால் சுருண்டு தன்மேலேயே ஒட்டிக்கொள்ளும். அடுத்தடுத்த பட்டைகள் 2, 3 மில்லிமீட்டர் ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். அப்புறம் மடித்த துணியால் அழுத்தித் தேய்த்து, காற்றுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். ஃபாயிலின் விளிம்பு விரலை அறுக்கும், கவனம்.

மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் கோலமோ கொடியோ அழுத்தி வரையுங்கள். இங்க் அதற்குப் பிறகுதான். ஒரு சொட்டு விட்டதும் அது வட்டமாகப் பரவும். ஆல்கஹால் ஆவியாக ஆவியாக நிறம் ஓரத்துக்கு ஒதுங்கி, அங்கே அடர்ந்த கோடாக நிற்கும். அது காய்வதற்குள் பக்கத்தில் இன்னொரு நிறம் விட்டால், முதல் நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் இதழ் இதழாக விரியும். முழுக்கக் காய்ந்த பிறகு, ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த பஞ்சால் மேலாக ஒரு தடவை துடையுங்கள். மேடுகள் வெள்ளியாகத் தெளியும், பள்ளங்களில் நிறம் தங்கும்.

கேள்வி: இங்க்குக்குப் பதில் அக்ரிலிக் பெயிண்ட் அடித்தால்?

அப்புறம் அடியில் உலோகம் எதற்கு? ஆல்கஹால் இங்க்கில் இருப்பது சாயம், ஒளி அதன் ஊடே போய் ஃபாயிலில் பட்டுத் திரும்புகிறது. சாதாரண அக்ரிலிக் அந்த ஒளியை அடைத்துவிடும். கறுப்பு அக்ரிலிக்கைப் பூசி உடனே துடைத்து, கோடுகளில் மட்டும் தங்கவிட்டால் பழைய உலோக வேலை போல இருக்கும். அதற்கு மட்டும் நான் சம்மதிப்பேன்.

கேள்வி: துடைக்கும் ஸ்பிரிட்டாக 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போதுமா?

போதாது, மீதி தண்ணீர். 90க்கு மேல் இருக்கட்டும்.

கேள்வி: வெள்ளி நிறத் துணி டேப் வீட்டில் இருக்கிறது, ஒட்டலாமா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: கடைசியில் அரக்கு வார்னிஷ் அடிக்கலாமா? மரச்சாமான்களில் பல வருடம் நிற்கிறதே.

அடிக்காதீர்கள். அந்த வார்னிஷ் என்பது ஆல்கஹாலில் கரைத்த அரக்கு. உங்கள் இங்க்கும் ஆல்கஹாலில் கரைவதுதான். பிரஷ் ஓடும் வழியெல்லாம் நிறம் கூடவே வரும்.

கேள்வி: ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்க்கை ஒரு வாரம் காயவிட்டால் கலையாது.

ஒரு வருடம் காயவிட்டாலும் கலையும். ஆல்கஹால் இங்க் காய்வதென்றால் ஆல்கஹால் ஆவியாவது மட்டும்தான். எண்ணெய் வண்ணம்போல வேறு பொருளாக இறுகுவதில்லை. திரும்ப ஆல்கஹால் பட்டால் திரும்பக் கரையும். சற்றுமுன் சொன்ன பஞ்சு வேலையே அதனால்தான் நடக்கிறது.

கேள்வி: அப்படியானால் அரக்கே கூடாது என்கிறீர்களா? இயற்கைப் பொருளை ஒதுக்குவது நியாயமில்லை.

ஒதுக்கவில்லை, இடத்தை மாற்றச் சொல்கிறேன். பாலிஷ் போடாத மரத்தில் டேப்பின் பசை சரியாகப் பிடிக்காது. அங்கே அரக்கு வார்னிஷை ஒரு கை அடித்துக் காயவிட்டு, அதன்மேல் ஃபாயில் ஒட்டுங்கள். நடுவில் உலோகம் இருப்பதால் அரக்கும் இங்க்கும் சந்திக்கவே போவதில்லை. இங்க்கின் மேலே, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் ஸ்ப்ரே வார்னிஷ். தள்ளி நின்று, தூறல் போல, பல மெல்லிய பூச்சுகள். ஒரேயடியாக நனைத்தால் அதுவும் நிறத்தைக் கலைக்கும். மீந்த டேப் துண்டில் முதலில் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: மெழுகுவத்தியைக் காட்டி இங்க்கைச் சீக்கிரம் உலர்த்தலாமா?

கூடவே கூடாது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 12 டிகிரி செல்சியஸிலேயே பற்றக்கூடிய அளவு ஆவி கிளம்பும். சன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். இங்க் தானே சில நிமிடங்களில் காய்ந்துவிடும்.

கேள்வி: பளபளப்பான பரிசுப்பொருள் டேப்பில் வருமா?

மடித்துப் பாருங்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறேன்.

கேள்வி: நேர் வெயில் படும் சுவரில் மாட்டலாமா?

வேண்டாம். சாயம் வெளுக்கும். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது.

கேள்வி: என் கண்ணாடியில் ரசம் ஏற்கெனவே போய்விட்டது. திரும்பப் பூசுவது எப்படி?

அது என் வேலை இல்லை, கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.

கேள்வி: செம்பு டேப்பில் செய்யலாமா?

தாராளமாக. வண்ணக்கண்ணாடி வேலைக்கு வரும் செம்பு ஃபாயில் டேப் அகலம் குறைவு, அதனால் இணைப்புக் கோடுகள் அதிகம் தெரியும். அந்தக் கோடுகளையே வடிவமாக வைத்துக்கொள்ளலாம். செம்பின் மேல் நீலம் மங்கித் தெரியும். சிவப்பும் ஆரஞ்சும் நன்றாக எழும். விரல் பட்ட இடம் கறுக்கும், ஆகவே இங்க் காய்ந்ததும் வார்னிஷைத் தள்ளிப்போடாதீர்கள்.