வாசகர் கேள்வி பதில்: ஒல்லியான தம்பிக்குக் கொலஸ்ட்ரால் வந்தது எப்படி?

கேள்வி: எனக்கு 41 வயது, எடை 84 கிலோ. என் தம்பிக்கு 37 வயது, 58 கிலோதான். கூட்டுக் குடும்பம் என்பதால் இருவருக்கும் ஒரே அடுப்பில் சமைத்த சாப்பாடுதான். அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எனக்கு 'கெட்ட கொலஸ்ட்ரால்' எனப்படும் எல்.டி.எல். 112 என்றும் தம்பிக்கு 214 என்றும் வந்தது. குழாய் மாறிவிட்டதோ என்று வேறு ஆய்வகத்திலும் பார்த்துவிட்டோம், அதே கணக்குத்தான். பருமனாக இருப்பவனுக்கு அல்லவா கொழுப்பு கூடியிருக்க வேண்டும்?
— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இடுப்பில் சேர்வதையும் ரத்தத்தில் ஓடுவதையும் 'கொழுப்பு' என்ற ஒரே சொல்லால் குறிக்கும் நம் வழக்கம்தான் உங்களைக் குழப்புகிறது. எடையை ஏற்றி இறக்கும் மரபணு மாறுபாடுகள் வேறு, எல்.டி.எல். அளவை முடிவு செய்யும் மாறுபாடுகள் பெரும்பாலும் வேறு. முன்னவற்றில் பல, மூளையில் பசியையும் வயிறு நிறைந்த உணர்வையும் ஆளுகின்றன. பின்னவற்றின் களம் பெரும்பாலும் கல்லீரல்.

2007-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் சர்க்கரை நோய்க்குரிய மரபணுக்களைத் தேடிப் போனபோது, எஃப்.டி.ஓ. என்ற மரபணுவில் எடையோடு தொடர்புடைய ஒரு மாறுபாடு அகப்பட்டது. 38,759 பேரை ஆராய்ந்ததில், அதைத் தாய்வழியாகவும் தந்தைவழியாகவும் பெற்றவர்கள், இரு வழியிலும் பெறாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதலாக இருந்தார்கள். பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளில் வலுவானதாகக் கருதப்படுவதன் வலுவே அவ்வளவுதான். 2018-இல் ஐரோப்பிய வம்சாவளியினர் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தரவுகளிலிருந்து 941 மாறுபாடுகள் கண்டறியப்பட்டன. அவை அனைத்தும் சேர்ந்தும், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியெண்ணில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் சுமார் 6 விழுக்காட்டையே விளக்கின.

எல்.டி.எல்.லின் கதை அப்படியன்று. அங்கே ஒரே ஒரு மரபணு பழுதானாலும் போதும். கல்லீரல் செல்களின் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகள் ரத்தத்தில் வரும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. இதைக் கண்டறிந்ததற்காகவே மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஏற்பிக்குரிய மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்று பழுதுபட்டுப் பிறந்தால், ஆள் ஒல்லியோ பருமனோ, உண்பது கஞ்சியோ கறியோ, எல்.டி.எல். பிறந்தது முதலே ஏறத்தாழ இருமடங்காக இருக்கும். இந்தப் பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோய் சுமார் 250 முதல் 300 பேருக்கு ஒருவருக்கு உண்டு.

இதற்கு நேர் எதிரான பேறும் சிலருக்கு வாய்க்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் மேற்சொன்ன ஏற்பிகளை அழிக்கும் வேலையைச் செய்கிறது. அது அளவுக்கு மீறி இயங்கியதால் கொலஸ்ட்ரால் ஏறிய குடும்பங்களை 2003-இல் பிரான்சில் அடையாளம் கண்டார்கள். அப்படியானால் அது இயங்காதவர்கள் எப்படி இருப்பார்கள் என்று டாலஸ் நகரில் ஹெலன் ஹாப்ஸ், ஜொனாதன் கோஹன் ஆகியோர் தேடினார்கள். 2006-இல் வெளியான அவர்களது ஆய்வின்படி, அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 2.6 விழுக்காட்டினரிடம் அப்புரதத்துக்குரிய மரபணுவின் ஒரு பிரதி முடங்கியிருந்தது, அவர்களுக்கு எல்.டி.எல். 28 விழுக்காடும், மாரடைப்பு உள்ளிட்ட இதயத் தமனி நோய் 88 விழுக்காடும் குறைவாக இருந்தன. எல்.டி.எல். வாழ்நாள் முழுவதும் சற்றே தாழ்ந்திருப்பது, நடுத்தர வயதில் திடீரென்று தாழ்த்துவதைவிட எவ்வளவு மேலானது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. இதே புரதத்தைத் தடுக்கும் ஊசி மருந்துகள் 2015-இல் புழக்கத்துக்கு வந்தன.

உங்கள் தம்பியின் 214-ஐ அலட்சியப்படுத்தக் கூடாது. 190-ஐத் தாண்டினாலே மருத்துவர்கள் பரம்பரைக் காரணத்தைச் சந்தேகிப்பார்கள். தைராய்டு குறைபாடும் சிறுநீரக நோயும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். குதிகாலுக்கு மேலுள்ள தசைநாண் தடித்திருக்கிறதா, கருவிழியைச் சுற்றி வெண்வளையம் தெரிகிறதா, குடும்பத்தில் ஆண்கள் யாருக்கேனும் 55 வயதுக்கு முன்பே மாரடைப்பு வந்ததா என்பவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பரம்பரை நோய் என்று உறுதியானால் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தேவைப்படும்; எண்ணெயைக் குறைப்பது மட்டும் போதாது. அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இது வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால் அவர்களுக்கும் பரிசோதனை வேண்டும். உங்களுக்கும் ஒரு வார்த்தை: எடையோடு சேர்ந்து ஏறுபவை பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்ற மற்றொரு ரத்தக் கொழுப்பும் சர்க்கரையும்தான். 112-ஐக் கண்டு மகிழும் முன் அவ்விரண்டையும் பாருங்கள்.

கேள்வி: உமிழ்நீரை அனுப்பினால் மரபணுவைப் பார்த்து, நமக்குக் கொழுப்பு குறைந்த உணவா, மாவுச்சத்து குறைந்த உணவா என்று சொல்கிறார்களாம். பணம் கட்டலாமா?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: வேண்டாம் என்பேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதே கேள்வியை 609 பேரிடம் ஓராண்டு சோதித்து 2018-இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரியாக 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இளைத்தார்கள். மரபணுவுக்குப் 'பொருத்தமான' உணவை உண்டவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இளைக்கவில்லை. கைக்குழந்தைப் பருவத்திலேயே அடங்காப் பசியோடு எடை மளமளவென்று ஏறும் பிள்ளைகளுக்கு மட்டும் மரபணுப் பரிசோதனை அவசியம். லெப்டின் என்ற ஹார்மோன் பிறவியிலேயே சுரக்காத இரு குழந்தைகளை 1997-இல் இங்கிலாந்தில் கண்டறிந்தார்கள். அத்தகைய குழந்தைகளுக்கு அந்த ஹார்மோனை ஊசியாகச் செலுத்தினால் பசி அடங்கி எடை இறங்குகிறது. ஆனால் இது மிக மிக அரிய நோய். அதற்கான பரிசோதனையை மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

கேள்வி: எங்கள் தாத்தா மூன்று வேளையும் சோறுதான் சாப்பிட்டார், தொப்பை இல்லை. இரண்டே தலைமுறையில் மரபணு மாறிவிட்டதா?
— ஒரு வாசகர், சேலம்

பதில்: மாறவில்லை. அதே மரபணுவுக்கு வாய்த்த காலம்தான் மாறிவிட்டது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகர மக்களின் பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், எஃப்.டி.ஓ. மாறுபாட்டுக்கும் எடைக்கும் உள்ள தொடர்பு 1942-க்குப் பின் பிறந்தவர்களிடமே வலுவாகத் தென்படுவதாக 2015-இல் எழுதினார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அம்மாறுபாட்டால் பருமன் வரும் வாய்ப்பு சுமார் 27 விழுக்காடு மட்டுப்படுகிறது என்பது இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வின் முடிவு. உங்கள் தாத்தாவிடமும் அம்மாறுபாடு இருந்திருக்கலாம்; வயலுக்கும் வீட்டுக்கும் நடந்த நடையில் அது வெளியே தெரியாமல் போயிருக்கும்.